முதல் வரிசையில் ஒரு கல்யாணம்

கடலுக்கடியில் கிடந்த மூன்று கேபிள்களில் இரண்டு செயலிழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகப் போடும் நிலையில் எந்த நாடும் இல்லை. மிஞ்சிய ஒன்றில்தான் தென் மாவட்டங்களின் பேச்சு, படம், ஆஸ்பத்திரிச் செய்தி, புயல் எச்சரிக்கை எல்லாம் போய் வர வேண்டும். நான் தாசில்தாராக இருந்த காலத்தில் குடிதண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சமாளித்திருக்கிறேன். அதில் ஒரு வசதி உண்டு. லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறவர்களைக் கண்ணால் பார்க்கலாம். இந்தத் தட்டுப்பாட்டில் யார் பின்தங்கி நிற்கிறார்கள் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியவேண்டியவர்கள் நெட்வொர்க் இன்ஜினியர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் என் மகள் காந்திமதி இருந்தாள்.

பாளையங்கோட்டையில் அந்தப் பயிற்சி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் தலைமைப் பயிற்சியாளர். மருமகன் காலமான பிறகு மகளும் பேத்தி உலகம்மையும் என் வீட்டில்தான் இருந்தார்கள். ஊரில் எங்கள் வீட்டை மேலவீடு என்பார்கள். ஐந்து தலைமுறையாகக் கோயிலில் முதல் மரியாதை எங்களுக்கு. அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போகிறாள் என்பதில் ஆரம்பத்தில் எனக்கு விருப்பமில்லை. பிறகு அவளிடம் படித்தவர்கள் தெருவில் என்னைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். விருப்பமின்மை போய்விட்டது.

ஒருநாள் காலைப் பலகாரத்தின்போது அவளிடமே கேட்டேன், அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாள் என்று.

"நாலு வரிசைப்பா," என்றாள். "மொத வரிசை உயிர் போற சங்கதி. ஆபத்துன்னு கூப்பிடுதவங்க, ஆஸ்பத்திரி, புயல் எச்சரிக்கை. ரெண்டாவது சர்க்கார் காரியம். மூணாவது நீங்களும் நானும் பேசுத பேச்சு. நாலாவது படம், பாட்டு, மத்ததெல்லாம். மொத வரிசையில ஒருத்தர் நின்னாலும் அவரை அனுப்பிட்டுத்தான் மெஷின் ரெண்டாவதைத் திரும்பிப் பாக்கும்."

"நியாயம்தானே."

"நியாயம்தான். ஆனா மொத வரிசைக்கு ஒரு மேல்வரம்பு போடணும். இவ்வளவுக்கு மேல அதுல ஏறக்கூடாதுன்னு. இல்லைன்னா மொத்தக் குழாயையும் அதுவே நெறைச்சிரும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அது அவங்க மனசுல இறங்கத்தான் நாலு மாசம் ஆகுது."

அது எப்படி இறங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்த்தேன். நிறைவு நாளுக்குச் சிறப்பு விருந்தினராக என்னை அழைத்திருந்தார்கள். முன்வரிசை நடு நாற்காலி எனக்கு. காந்திமதி இரண்டு பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, ஒரே ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டாள். பதினேழு பேருக்கும் நிறச்சீட்டுக் கொடுத்தாள். மணி அடித்தால் ஒருவர் கடக்கலாம். சிவப்புச் சீட்டு முதல் வரிசை. சிவப்புச் சீட்டுக்காரர்கள் கடந்துபோய், சுற்றி வந்து, மறுபடி முன்னால் நின்றார்கள். மஞ்சள் சீட்டு வைத்திருந்தவன் சேர்மத்துரை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், முப்பது வயதிருக்கும், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவன். நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்ன தோணிச்சு?" என்று கேட்டாள் காந்திமதி.

"மொதல்ல கோவம் வந்துச்சு மேடம். அப்புறம் கால் வலிச்சுது. அப்புறம் எதுக்கு நிக்கோம்னே மறந்துபோச்சு."

பின்னாலிருந்து ஒருவன், "தாலுகா ஆபீஸ்ல நிக்க மாதிரின்னு சொல்லு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் யார் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினார்கள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

காந்திமதி மட்டும் சிரிக்கவில்லை. "சேர்மத்துரை சொன்னதை எழுதிக்கிடுங்க," என்றாள். "எதுக்கு நிக்கோம்னு மறக்கதுக்கு முன்னால ஒருத்தருக்கு வழி விடணும். நீங்க வேலைபாக்கது அதுக்குத்தான்."

அன்று சாப்பாடு பரிமாறும்போது சேர்மத்துரை என் இலைக்கருகில் வந்து நின்றான். "ஐயா, நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வாத்தியார் வருவாரு, போவாரு. சொல்லிக்கொடுத்தவங்கன்னு சொல்ல எனக்கு மேடம் ஒருத்தங்கதான்," என்றான். அவனைக் கடற்கரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போட்டிருந்தார்கள். கேபிள் கரையேறும் இடம் அது. கடலோரக் கிராமங்களின் கோபுரங்களும் வெளிநாட்டுக்குப் போகும் பாதையும் அங்கேதான் ஒரே குழாயில் சேருகின்றன.

உலகம்மைக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் சொந்தம் மஸ்கட், சிங்கப்பூர், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கிறது. விமானத்தில் வருவதெல்லாம் பழங்கதை. படத்தில்தான் பார்க்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

முந்தைய ஆண்டு என் தம்பி மகன் கல்யாணத்தையும் அப்படித்தான் அனுப்பினோம். நாலாம் வரிசை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் படம் நின்றுவிட்டது. பதினெட்டு நிமிடம் கழித்து வந்தபோது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் யார் போன் செய்தாலும் அதே பேச்சு. "என்ன பெரியப்பா, மேலவீட்டு மாப்பிள்ளை இன்னும் தாலியைப் பிடிச்சிக்கிட்டே நிக்காரா, கட்டிட்டாரா?" சம்பந்தி வீட்டில்கூட இதைச் சொல்லிச் சிரித்தார்களாம். எனக்கு எழுபத்து நான்கு வயது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு சேர்மத்துரையை போனில் கூப்பிட்டேன். குரல் விட்டுவிட்டு வந்தது.

"உலகுக்குக் கல்யாணம். வரணும்."

"டூட்டி இருக்குய்யா. இங்கயிருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

"பார்க்கிறதாவது ஒழுங்காகப் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. போன தடவை நடந்தது உனக்குத் தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"தெரியும்யா," என்றான். "இது மேடம் வீட்டுக் காரியம். நீங்க சொல்லணுமா. நான் பாத்துக்கிடுதேன்."

"காந்திமதிக்கு இதெல்லாம் தெரியவேண்டாம். கல்யாண வேலையில் அலைகிறாள்."

"சரிங்கய்யா."

இவ்வளவுதான் பேச்சு. எந்த வரிசையில் போடு என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கோயிலில் பரிவட்டம் கட்டு என்று யாரும் கேட்பதில்லை. நாம் போய் நின்றால் கட்டுவார்கள். அந்த நாலு நிமிடப் பேச்சில் நான் செய்ததும் அதுதான். போய் நின்றேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே தூறல். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தம் இருப்பதாகவும் அது ஆந்திராப் பக்கம் போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதேகால் மணிக்குப் படம் ஒருமுறை தயங்கியது. அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதன்பின் ஒரு சிறு அசைவுகூடத் தப்பவில்லை. மஸ்கட்டிலிருந்து என் அண்ணன் மகன், "சித்தப்பா, குத்துவிளக்குத் திரி எரியதுகூடத் தெரியுது. உலகு கண்ணுல தண்ணி நிக்கது தெரியுது," என்றான். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அப்படியே போனது.

மணவறையில் பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்த காந்திமதி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, "எப்பா, படம் எப்படி இவ்வளவு தெளிவாப் போகுது?" என்று கேட்டாள்.

"தெய்வ கடாட்சம். போய்ப் பெண் பக்கத்தில் நில்," என்றேன்.

போனாள். பத்து மணி எட்டு நிமிடத்துக்குத் தாலி கட்டினார்கள்.

காற்றழுத்தம் ஆந்திராவுக்குப் போகவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு வெள்ளைமணல்குடியில் கடலரிப்புத் தடுப்புச் சுவர் உடைந்தது. எண்பது வீடுகள் உள்ள மீனவ ஊர். அங்கிருந்து அறுபத்து மூன்று முறை ஆபத்து எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அழைப்புகளும் முதல் வரிசைதான். ஆனால் முதல் வரிசை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எங்கள் கல்யாணத்தை அதில் ஏற்றியது மட்டுமில்லை, ஒன்பதேகால் மணிக்குப் படம் தயங்கியபோது அந்த வரிசையின் மேல்வரம்பையும் சேர்மத்துரை எடுத்திருந்தான். மீட்புப் படகுகள் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தயாராக நின்றன. கூப்பிட்டால் இருபது நிமிடம். முதல் அழைப்பு அவர்கள் காதில் விழுந்தபோது மணி பத்தே முக்கால். ஒன்பது பேர் செத்துப்போனார்கள்.

மூன்றாம் நாள் காந்திமதியை விசாரணைக்குக் கூப்பிட்டு இயந்திரத்தின் பதிவுகளைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றாள். கல்யாணத் தோரணம் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

"சேர்மத்துரையைப் பிடிச்சு வச்சிருக்காங்க. மொத வரிசையில ஒரு பேர் சேத்திருக்கான். 'மேடம் வீடு'ன்னு எழுதியிருக்கான்ப்பா. ஒளிச்சுக்கூட வைக்கலை. கோயில்ல உபயதாரர் பேர் எழுதுத மாதிரி எழுதியிருக்கான்."

நான் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தானாத்தான் செஞ்சேன், குரு மரியாதைன்னு சொல்லுதான். நீங்க அவன்ட்ட பேசுனியளா?"

"கல்யாணத்துக்கு அழைத்தேன்."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"என் வாயால் நான் எதுவும் கேட்கவில்லை."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு," என்றாள். "படத்தைப் பாத்ததும் வந்துச்சு. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல இறக்கியிருப்பான். மணி அப்ப ஒம்பதரை. மணவறையை விட்டு நான் இறங்கலை. எம் பொண்ணு கல்யாணம் நல்லாத் தெரியுதுன்னு எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

அதன்பின் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கடைசி விசாரணை கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி ஜெபமணி, ஐம்பது வயதுக்காரர், அமைதியாகப் பேசுகிறவர். நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒளிந்துகொண்டதாக ஆகும். உள்ளே வந்ததும் ஒரு காவலர் நாற்காலி கொண்டுவந்து முன்னால் போட்டார். மற்றவர்கள் பெஞ்சில் இருந்தார்கள்; காந்திமதி பின்னால் சுவரோரம் நின்றாள்.

எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் கித்தேரியம்மாள் என்ற பெண். கணவனையும் மருமகளையும் பறிகொடுத்தவள். நான் யாரென்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் குனிந்து, "அய்யா," என்று கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"அந்தக் கல்யாணப் பொண்ணு நல்லா இருக்காளாய்யா?"

"இருக்கிறாள்."

"நல்லா இருக்கட்டும். அவ என்ன செய்வா பாவம். எம் மருமவளும் போன வைகாசியிலதான் கட்டிக்கிட்டு வந்தா. போனைக் காதுல வச்சுக்கிட்டே கூரையில நின்னா. மணி அடிக்குது, எடுப்பாங்க எடுப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

சேர்மத்துரையை அழைத்து வந்தார்கள். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

நாற்பது வருடம் நான் விசாரணைகளில் கேள்வி கேட்கும் பக்கத்தில் இருந்தவன். அன்றுதான் எதிர்ப்பக்கத்தில் எழுந்து நின்றேன். "சேர்மத்துரை தானாகச் செய்யவில்லை," என்றேன். "நான்தான் அவனிடம் போனில் பேசினேன். கல்யாணப் படம் தடைப்படக்கூடாது என்பதைத் தெரிவித்தேன். மகளுக்குத் தெரியவேண்டாம் என்றும் சொன்னேன். குற்றம் என்னுடையது."

ஜெபமணி தாள்களைப் புரட்டினார். "அஞ்சு நாள் முன்னாடி ஒரு கால் இருக்கு. நாலு நிமிஷம். பேச்சு பதிவாகலை. சேர்மத்துரை, ஐயா சொல்றது உண்மையா?"

"இல்லை சார்," என்றான் அவன். உடனே சொன்னான். "கல்யாணத்துக்கு அழைச்சாங்க. அவ்வளவுதான். ஐயா பெரிய வீட்டு மனுசங்க. நான் ஜெயிலுக்குப் போறது பொறுக்காம எம் பாவத்தை அவங்க தலையில ஏத்திக்கிடுதாங்க. நீங்க எழுதாதீங்க சார். மேடத்துக்குக் கெட்ட பேரு வந்திரும்."

பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது கோபமில்லை என்று எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மனிதர்கள் என்னைக் கோயிலில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கித்தேரியம்மாள்கூட.

ஜெபமணி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பெருந்தன்மை புரியுது ஐயா," என்றார். "ஆனா நீங்க உறுதியா நின்னா நான் எழுதியாகணும். எழுதினா உங்க மகள் வேலையில இருக்க முடியாது. பயிற்சி நிலையத்தோட பேரும் போகும். உங்க பேர்ல வழக்கு வரும். இல்லைன்னா ஒரு ஊழியரோட தனிப்பட்ட தப்புன்னு முடியும். ஒரே ஒரு தடவை கேக்கறேன். எழுதணுமா?"

மேசைமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்திருந்தார். எழுதுங்கள் என்பது ஒரு சொல். என் மகளின் பிழைப்பை நினைத்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே காத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

சேர்மத்துரையை அழைத்துப் போனார்கள். போகும்போதும் கும்பிட்டான்.

திரும்பும்போது காந்திமதியும் என்னோடு காரில் வந்தாள். உப்பளங்கள் தாண்டிய பிறகு கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தாள். அவளுடைய ராஜினாமாக் கடிதம். தேதி பார்த்தேன். பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தாளே, அதற்கு மறுநாள் தேதி.

"நீங்க எந்திரிச்சு நின்னதும் எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சுப்பா," என்றாள். "நம்மளால ஆனதை நம்மளே சொல்லிட்டோம்னு நெனச்சேன். இதை அங்கேயே அவர்ட்ட குடுக்கத்தான் பையில வச்சிருந்தேன். எனக்கு வேலை போகும்னு சொல்லித்தானே உங்களை நிப்பாட்டுனாரு. எங்கிட்ட வேலையே இல்லை."

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியாது. நீங்க என் பக்கம் திரும்பிக் கேக்கலையே. அவனை அவங்க நம்புனாங்க. உங்களை யாரும் நம்பலை. நான் மட்டும்தான் நம்புனேன். நம்பிக்கிட்டே, எழுதுங்கன்னு சொல்லுவியளான்னு உங்க முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"இப்போதாவது திரும்பிப் போகலாம்."

"நானும் சொன்னேன், கூடத்தை விட்டு வெளிய வந்ததும். ஜெபமணிட்ட போயி, நீங்க சொன்னது நெசம்னு சொன்னேன். அப்பாவுக்கு ஏத்த மகள்னு சொல்லிச் சிரிச்சாரு."

பேருந்து நிலையத்தருகே காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். வெள்ளைமணல்குடியில் ஆபத்து அழைப்புகளைக் கையால் வாங்கி அனுப்ப ஒரு நிலையம் வைக்கிறார்களாம், ஆள் தேடுகிறார்களாம். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

சேர்மத்துரைக்கு மூன்று வருடம் தண்டனை கிடைத்தது. எங்கள் வீட்டுப் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

விசாரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்காரர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சங்கரநயினார். "அண்ணாச்சி, கேள்விப்பட்டோம்," என்றார். "முன்னப்பின்ன சொந்தமில்லாத ஒருத்தனுக்காகப் பழியைத் தன்மேல போட்டுக்கிட நின்னியளாமே. இந்தக் காலத்துல யார் செய்வா? மேலவீடுன்னா மேலவீடுதான்." கையில் ஒரு சால்வை வைத்திருந்தார்.

உள்ளே காந்திமதியின் அறை பூட்டிக் கிடந்தது. இவர்களிடமாவது சொல்லலாம், அது உண்மையென்று. சொன்னாலும் அடக்கம் என்பார்கள். அதையும் சொல்லிப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். சங்கரநயினார் என்னைவிடக் குட்டை. நான் குனியவில்லை. அவர்தான் எக்கி நின்று அதை என் தோளில் போட வேண்டியிருந்தது.